கிளாக் 43எக்ஸ் எம்ஓஎஸ்: லைட், டாட், ஹோல்ஸ்டர்… எதை முதலில் வாங்குவது?

கரிசல்_ஆஸ்டின்:

வணக்கம். கிரீன் கார்டு வந்து ஒரு வருடம் கழித்து, போன மாதம்தான் முதல் பிஸ்டல் வாங்கினேன். கிளாக் 43எக்ஸ் எம்ஓஎஸ், அதாவது டாட் (கண்ணாடியில் ஒளிப்புள்ளி காட்டிக் குறிபார்க்க உதவும் கருவி) மாட்ட மேலே பள்ளம் வெட்டியே வருகிற மாடல். கடையில் ஏழெட்டு மாடல் கையில் பிடித்துப் பார்த்ததில் இதுதான் அமைந்தது, இடுப்பில் வைத்தாலும் சட்டைக்கு வெளியே துருத்தவில்லை. ரேஞ்சில் இதுவரை 300 ரவுண்ட் சுட்டிருக்கிறேன், ஒரு தடவைகூடச் சிக்கவில்லை.

பிரச்சினை அதற்கு மேல் வாங்கும் சாமான்களில்தான். ஒரு கடையில் லைட் கேட்டேன், "சின்ன பிஸ்டல் எல்லாவற்றுக்கும் இதுதான்" என்று ஸ்ட்ரீம்லைட் டிஎல்ஆர்-7 சப் எடுத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து மாட்டினால் ரெயிலில் (குழலுக்கு அடியில் லைட் மாட்டுகிற பள்ளம்) உட்காரவே இல்லை. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் சிக் பி365 என்கிற வேறு பிஸ்டலுக்கு என்று போட்டிருக்கிறது! திறந்த பெட்டியைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குள் லைட் இல்லாத 43எக்ஸ்-க்கு என்று ஒரு கைடெக்ஸ் ஹோல்ஸ்டரும் (துப்பாக்கி உறை) வாங்கி வைத்துவிட்டேன். சரியான லைட் வாங்கினால் இந்த ஹோல்ஸ்டரில் போகுமா? ஹோலோசன் 507கே டாட் நேரடியாக உட்காருமா, தகடு வேண்டுமா? 15 ரவுண்ட் மேகசின் பற்றியும் யாராவது சொல்லுங்கள். வீட்டில் 6 வயதுப் பையன் இருக்கிறான், அதையும் மனதில் வைத்துப் பதில் சொன்னால் உதவியாக இருக்கும்.

ரேஞ்ச்_சனி:

தம்பி, இல்லை, அந்த ஹோல்ஸ்டரில் போகாது. கைடெக்ஸ் என்பது சூடாக்கி அச்சு எடுத்த பிளாஸ்டிக், எந்த வடிவத்துக்கு அச்சு எடுத்தார்களோ அது மட்டும்தான் உள்ளே போகும். டிரிக்கரைச் சுற்றிய வளையமான டிரிக்கர் கார்டுக்கு முன்னால் கட்டைவிரல் அளவு லைட் தொங்கினால் வாயிலேயே நின்றுவிடும். ஆகவே நீங்கள் வாங்கிய வரிசைதான் தலைகீழ். முதலில் லைட் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும், வேண்டும் என்றால் எந்த லைட் என்று முடிவு செய்ய வேண்டும், அதற்குப் பிறகுதான் அந்தத் துப்பாக்கிக்கும் அந்த லைட்டுக்கும் சேர்த்து அச்சு எடுத்த ஹோல்ஸ்டர். லைட்தான் ஹோல்ஸ்டரைத் தேர்ந்தெடுக்கும்.

டிஎல்ஆர்-7 சப் ஒரே பெயரில் வந்தாலும் மூன்று விதமாக விற்கிறார்கள். கிளாக் 43எக்ஸ், 48 இரண்டின் ரெயில் மாடலுக்கு ஒன்று, சிக் பி365-க்கு ஒன்று, 1913 என்கிற பொதுவான ரெயில் உள்ள சின்ன பிஸ்டல்களுக்கு ஒன்று. வெளிச்சம், பட்டன், பேட்டரி எல்லாம் ஒன்றே. பிடிக்கிற கவ்வி மட்டும் வேறு. உங்களிடம் இருப்பதை அப்படியே பி365 வைத்திருக்கும் ரேஞ்ச் நண்பர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள், உடனே போய்விடும். ராவி, இழைத்து மாட்டலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், சுடும்போது லைட் தளர்ந்தால் உங்கள் கை அதன் பக்கத்தில்தான் இருக்கும்.

படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று: எம்ஓஎஸ் இல்லாத சாதாரண 43எக்ஸ் வைத்திருப்பவர்கள் முன்பக்கம் அடியில் ரெயில் பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். 2019-இல் வந்த முதல் 43எக்ஸ்-இல் அது கிடையாது. அதற்கு டிரிக்கர் கார்டைக் கவ்விக்கொள்ளும் டிஎல்ஆர்-6 மாதிரி லைட்தான் வழி, 100 லூமன்தான், சப் தருவது 500 லூமன்.

இனி நான் உண்மையிலேயே சொல்ல வந்தது. பிஸ்டலில் லைட் மாட்டும் முன் கையில் பிடிக்கிற நல்ல டார்ச் ஒன்று வாங்குங்கள். பிஸ்டல் லைட்டை எங்கே திருப்பினாலும் துப்பாக்கிக் குழலும் அங்கே திரும்புகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு ஹாலில் சத்தம் கேட்டு எழுந்து போகிறீர்கள், அங்கே தண்ணீர் குடிக்க எழுந்த உங்கள் பையன் நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கை டார்ச் என்றால் அவன் முகத்தில் வெளிச்சம் விழும். பிஸ்டல் லைட் என்றால் வெளிச்சத்தோடு குழலும் அவன் பக்கம் இருக்கும். நான் ரேஞ்சில் புதிதாக வருகிறவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்வேன், பலர் கேட்பதில்லை, பரவாயில்லை, திரும்பத் திரும்பச் சொல்வேன். இடுப்பில் வைத்துக்கொண்டு நடமாடுவதற்கு என்னைக் கேட்டால் லைட்டே வேண்டாம். உங்களிடம் இருக்கும் ஹோல்ஸ்டர் அப்படியே பயன்படும், 70 கிராம் மிச்சம்.

ஹோல்ஸ்டரில் இரண்டு விஷயம் பாருங்கள். டிரிக்கர் கார்டு முழுக்க மூடியிருக்க வேண்டும், பக்கவாட்டில் ஒரு விரல் நுழைகிற இடைவெளிகூட இருக்கக் கூடாது. கிளாக்கில் தனியாக வெளிப்பக்க சேஃப்டி கிடையாது, ஹோல்ஸ்டர்தான் அந்த வேலையைச் செய்கிறது. அப்புறம், தோட்டா இல்லாத துப்பாக்கியை உள்ளே வைத்து மெத்தைமேல் தலைகீழாகப் பிடித்து உலுக்குங்கள், விழக் கூடாது. சின்ன திருகாணி ஒன்று இருக்கும், அதை இறுக்கினால் பிடி கூடும். பெல்ட்டும் முக்கியம். நிறைத்த 43எக்ஸ் சுமார் 650 கிராம், சாதாரண ஆபீஸ் பெல்ட் அரை நாளில் தொய்ந்துவிடும்.

சான்_அன்டோனியோ_முத்து:

டாட் கேள்விக்கு நான். என்னிடம் இதே துப்பாக்கி, இதே 507கே. நேரடியாக உட்காராது நண்பரே.

காரணம் இதுதான். 43எக்ஸ் எம்ஓஎஸ் ஸ்லைடில் (சுடும்போது பின்னும் முன்னும் நகரும் மேல்பாகம்) வெட்டியிருக்கும் பள்ளம் ஷீல்ட் ஆர்எம்எஸ்சி என்கிற டாட்டின் அடித்தடம். அந்த அளவில் ஸ்லைடில் முன்னும் பின்னும் சின்னச் சின்ன முளைகள் நிற்கும், டாட்டின் அடியில் அதற்கேற்ற குழிகள் இருக்கும், சுடும்போது வருகிற அதிர்வை அந்த முளைகள் தாங்கும். 507கே, 407கே, ஈபிஎஸ் கேரி மூன்றிலும் ஹோலோசன் அந்த அடித்தடத்தைக் கொஞ்சம் மாற்றிவிட்டது, பின்பக்கக் குழிகள் கிடையாது. திருகாணித் துளை சரியாக வரும், ஆனால் பின்பக்கம் முளையில் முட்டிக்கொண்டு தூக்கி நிற்கும். இறுக்கிவிட்டால் உட்கார்ந்துவிடும் என்று இறுக்கினால் டாட்டின் அடிப்பாகம் வளையும், கண்ணாடி போகும்.

இரண்டு வழி. ஒன்று, முளைகளை அரத்தால் ராவிவிடுவது. நிறையப் பேர் செய்கிறார்கள், எனக்கு மனசு வரவில்லை, ராவினால் ராவியதுதான், நாளைக்கு வேறு டாட் மாட்ட நினைத்தால் அந்தத் தாங்கல் இருக்காது. இன்னொன்று, நடுவில் வைக்கிற மெல்லிய தகடு. நான் தகடு வைத்தேன். டாட் கொஞ்சம் மேலே போகும் என்பதால் துப்பாக்கியின் மேலேயே இருக்கும் இரும்புக் குறியை டாட் வழியாகப் பார்க்க முடிகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள், தெரியாவிட்டால் உயரமான குறி மாற்ற வேண்டும். குறி வாங்கும்போதும் 42, 43, 43எக்ஸ், 48 என்று போட்டதைத்தான் எடுக்க வேண்டும், பெரிய கிளாக்கின் குறி இதற்கு இல்லை.

நான் மாட்டிக்கொண்டது திருகாணியில். தகடு வைத்ததால் நீளமானது வேண்டும் என்று நானாக ஒன்றைப் போட்டேன். வலது பக்கத் திருகாணி நீளம் கூடினால் அதன் நுனி, காலித் தோட்டாவை இழுத்து எடுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் பகுதியை உள்ளே அழுத்தும். எனக்கு அதுதான் ஆனது, ஐந்தாறு ரவுண்டுக்கு ஒரு முறை காலித் தோட்டா வெளியே வராமல் நின்றது. இரண்டு வாரம் தோட்டாவைக் குறை சொன்னேன், மேகசினைக் குறை சொன்னேன், கடைசியில் டாட்டைக் கழற்றிச் சுட்டபோது சுத்தமாக ஓடியது. தகட்டோடு வருகிற திருகாணியை மட்டும் போடுங்கள். மாட்டியதும் ஸ்லைடைக் கையால் பத்து முறை இழுத்துப் பாருங்கள், எக்ஸ்ட்ராக்டரை விரலால் தள்ளினால் அசைகிறதா பாருங்கள். திருகாணி தளராமல் பிடிக்கும் நீலத் திரெட்லாக்கர் பசை ஒரு சொட்டு போதும்.

இப்போது வாங்குவதாக இருந்தால் 507கே-வைவிட ஈபிஎஸ் கேரி எடுப்பேன். 507கே திறந்த வகை, வயிற்றோரம் வைத்தால் வியர்வையும் பனியன் பஞ்சும் உள்ளே இருக்கும் விளக்கின்மேல் படிந்து புள்ளி மங்கும். ஈபிஎஸ் மூடிய வகை, துடைத்தால் போதும். டாட் மாட்டினால் ஹோல்ஸ்டரின் மேல் விளிம்பு அதற்கு இடம் விட்டு வெட்டியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், நீங்கள் வாங்கியதில் அனேகமாக இருக்கும், பழைய வடிவங்களில் இருக்காது.

ஹூஸ்டன்_தேனி:

மேலே இரண்டு அண்ணன்களும் பெல்ட் போட்டவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். இதைப் படிக்கிற பெண்களுக்காக நான் கொஞ்சம்.

சுடிதார் நாடாவில் ஹோல்ஸ்டர் கிளிப்பை மாட்டிப் பார்த்தேன், வீட்டிலேயே இரண்டு அடி நடப்பதற்குள் சரிந்துவிட்டது. அப்புறம் வயிற்றைச் சுற்றிக் கட்டுகிற துணிப் பட்டை வாங்கினேன், துப்பாக்கிக்கு வெறும் எலாஸ்டிக் பை மட்டும் இருந்தது. தோட்டா இல்லாமல் வைத்துச் சோதித்தேன். துணிக்கு மேலேயே என் விரல் டிரிக்கரைத் தொட்டு அழுத்த முடிந்தது, டிக் என்று சத்தம் வந்தது. அன்றைக்கே தூக்கிப் போட்டேன். இப்போது வைத்திருப்பது டிரிக்கரை மூடுகிற கெட்டியான கைடெக்ஸ் கூடு உள்ளே தைத்த பட்டை. குர்தா தொளதொளவென்று இருப்பதால் வெளியே தெரியவே தெரியாது, உட்கார்ந்து எழுந்தாலும் நகரவில்லை. கைப்பையில் மட்டும் வைக்காதீர்கள். பையைக் கோயில் ஹாலில், தோழி வீட்டுச் சோபாவில் வைத்துவிட்டுப் போவோம், குழந்தைகள் சாக்லேட் தேடி முதலில் திறப்பது அதைத்தான்.

பையனைப் பற்றிக் கேட்டீர்கள். லைட், டாட் எல்லாவற்றுக்கும் முன்னால் பூட்டுப் பெட்டி வாங்குங்கள் தம்பி. பட்டன் அழுத்திச் சட்டென்று திறக்கிற இரும்புப் பெட்டி, கேபிளால் கட்டிலோடு கட்டுகிற மாதிரி. டெக்சஸில் 17 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கையெட்டும்படி துப்பாக்கியை வைத்து, அது எடுத்துவிட்டால் பெரியவர்மேல் வழக்கு வரும். பிள்ளை சுட்டு யாருக்காவது உயிர் போனாலோ பலமான காயம் ஆனாலோ தண்டனை இன்னும் பெரிது. வழக்கை விடுங்கள், ஆறு வயதில் அலமாரி மேல்தட்டு என்பது நாற்காலி இழுத்துப் போட்டு ஏறுகிற உயரம். நிறையப் பேர் பெட்டியின் அளவைப் பார்ப்பதில்லை. டாட்டும் லைட்டும் மாட்டிய பிஸ்டலை ஹோல்ஸ்டரோடு சேர்த்து உள்ளே வைத்தால் மூடி மூட வேண்டும். ஹோல்ஸ்டரோடு வைப்பதுதான் நல்லது, தினமும் வெளியே எடுத்து உள்ளே வைக்கும்போதுதான் கை தவறும்.

எடிசன்_டு_டல்லாஸ்:

மேகசினுக்குச் சுருக்கமாக. ஷீல்ட் ஆர்ம்ஸ் எஸ்15 இரும்பில் செய்தது, கிளாக் கம்பெனியின் 10 ரவுண்ட் மேகசின் அளவிலேயே 15 பிடிக்கும். ஆனால் கிளாக்கோடு வருகிற மேகசின் கேட்ச் (மேகசினைப் பிடித்து நிறுத்தும் கொக்கி) பிளாஸ்டிக், இரும்பு உரசி அது தேயும், அதனால் இரும்புக் கேட்ச் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிட்டால் கம்பெனி மேகசினின் பிளாஸ்டிக் தேயும். ஆக அந்தப் பக்கம் போனால் முழுதாகப் போய்விட வேண்டும், இரண்டையும் கலந்து வைக்கக் கூடாது. மாற்றினால் ஒவ்வொரு மேகசினிலும் சுட்டுப் பார்க்காமல் இடுப்பில் வைக்காதீர்கள். நான் கம்பெனியின் 10-ஓடு நிறுத்திக்கொண்டேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. என் அண்ணன் குடும்பம் நியூ ஜெர்சியில். அங்கே 10-க்கு மேல் பிடிக்கிற மேகசின் கையில் இருந்தாலே குற்றம், டெக்சஸ் லைசென்ஸும் செல்லாது. காரில் போகிறவர்கள் கிளம்பும் முன் டிக்கியில், பையில் பழைய மேகசின் ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள். டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல் 21 வயதானவர்கள் பெரும்பாலும் லைசென்ஸ் இல்லாமலே வைத்துக்கொள்ளலாம் என்றாலும் எல்டிசி என்கிற டெக்சஸ் கைத்துப்பாக்கி லைசென்ஸ் எடுத்துவிடுங்கள். பள்ளியைச் சுற்றி 1000 அடி என்கிற மத்தியச் சட்டத்தில் மாநில லைசென்ஸ் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு, பையனைப் பள்ளியில் விடுகிற உங்களுக்கு அது தினமும் வேண்டியிருக்கும். விலக்கு அந்தச் சுற்றுப் பகுதிக்குத்தான், பள்ளிக் கட்டடத்துக்குள் கொண்டுபோக அல்ல. எச்1பி-யில் இருக்கும் நண்பர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்கு ஓட வேண்டாம், செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர்த்து மத்தியச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது.

கரிசல்_ஆஸ்டின்:

எல்லோருக்கும் நன்றி. தேனி அக்கா, பெட்டி இன்றைக்கே வாங்கிவிட்டேன், கட்டில் காலோடு கட்டியாயிற்று. லைட் இப்போதைக்கு வேண்டாம், கை டார்ச் போதும், பி365 லைட்டை ரேஞ்சில் ஒருவர் கேட்டிருக்கிறார். மேகசினும் 10-ஏ இருக்கட்டும். டாட் மட்டும் ஆசை விடவில்லை, ஈபிஎஸ் கேரியும் தகடும் சேர்த்து வாங்கப் போகிறேன். முத்து, தகட்டோடு வருகிற திருகாணி ஸ்லைடுக்கு ஒரு ஜோடி, டாட்டுக்கு ஒரு ஜோடியா?

சான்_அன்டோனியோ_முத்து:

என் தகட்டில் அப்படித்தான், இரண்டு ஜோடியும் நீளம் வேறு. பையைப் பிரிக்கும்போதே தனித்தனிக் கிண்ணத்தில் போட்டுக்கொள்ளுங்கள். மாட்டிவிட்டு இறுக்கும் முன் ஒரு போட்டோ போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.