ஊழியர் கைநூலில் "மனநோயாளி", "மாற்றுத்திறனாளி": எதை எழுதலாம்?

உவர்மலை
திருகோணமலையில் ஓர் அலுவலகத்துக்கு ஊழியர் கைநூல் தமிழில் தயாராகுது. ஆங்கில வரைவில் "ஆளை முதலில் சொல்லுங்கள், நோயைப் பிறகு" என்று கிடக்கு. தமிழில் அடைமொழி எப்பவும் முன்னுக்குத்தானே வரும்? உடல் குறைபாடு வாற இடமெல்லாம் "மாற்றுத்திறனாளி" என்று போட்டால் சரியா?

மடத்தடி
வரிசையை விடுங்கோ. தமிழில் தொடர் எந்தச் சொல்லில் முடியுது என்று பாருங்கோ. "மனநோயாளி" என்றால் ஆளே நோயாகிப் போறார். "மனச்சோர்வு உள்ள ஊழியர்" என்றால் கடைசியில் ஊழியர் நிற்கிறார். "பாதிக்கப்பட்ட", "அவதியுறும்" இரண்டையும் வெட்டி "உள்ள" போடுங்கோ. மருந்து எடுத்துக்கொண்டு ஒழுங்காக வேலை செய்யிறவரை அவதியுறுகிறார் என்று எழுதினால் அது தகவல் பிழை.

வினைமுற்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கோ. மற்ற எல்லாரும் "வந்தார்", கால் ஏலாதவர் மட்டும் "வந்தான்". "செவிடு வருது" என்றால் அஃறிணையே ஆக்கியாச்சு. நல்ல பெயர்ச்சொல் தேடுற அவசரத்தில் இதை ஒருத்தரும் திருத்துறதில்லை.

கன்னியா
"மாற்றுத்திறனாளி" பொதுத் தலைப்புக்குச் சரி. அந்தச் சொல்லைச் சிலர் விரும்புவினம், சிலருக்குப் பிடிக்காது, ஆளிடமே கேளுங்கோ. வசதி பற்றிய பந்தியில் அது ஒன்றும் சொல்லாது. "சக்கர நாற்காலியில் வருபவர்", "பார்வையற்றவர்", "காது கேளாதவர்" என்று பிரித்தெழுதினால்தான் என்ன செய்யவேணும் என்று விளங்கும். "ஊமை" வேண்டாம்: காது கேளாத பலருக்குக் குரல் இருக்கு, சைகை மொழியும் முழுமையான மொழி.

"சாய்வுப் பாதை உண்டு" என்று எழுத முன்னம் அளந்து பாருங்கோ. 6 அங்குலப் படிக்கு 6 அடி நீளம் வேணும், அதாவது 1:12. அதைவிடச் செங்குத்து என்றால் சக்கர நாற்காலியில் வாற பலருக்குத் தனியாக ஏறுறது கஷ்டம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றி இலங்கை 2016இல் ஏற்ற ஐ.நா. சமவாயத்தின்படி, நியாயமான வசதியை மறுக்கிறதும் பாகுபாடுதான்.

உவர்மலை
நன்றி. கூட்டங்களில் வாற "விசர்க் கதை", "நொண்டிச் சாட்டு"?

மடத்தடி
"பொருத்தமில்லாத கதை", "ஏற்கேலாத காரணம்" என்றால் கருத்து இன்னும் தெளிவு. "விசர்நாய்க்கடி" நோயின் பெயர், அதில் கைவைக்காதேங்கோ. கட்டாயம் நிறுத்தவேண்டியது "அங்கொடைக்கு அனுப்பவேணும்" என்ற பகிடி. அங்கேதான் தேசிய மனநல நிறுவனம் இருக்கு, 1926 என்ற மனநல உதவித் தொலைபேசி இலக்கத்தில் பேசுறதும் அவைதான். அந்த ஊர்ப் பெயரே சிரிப்பென்றால், தேவைப்படுகிறவர் அந்த இலக்கத்தை அழுத்தமாட்டார்.

விடுமுறைப் படிவத்தில் "மருத்துவ விடுமுறை" போதும். நோயின் பெயர் வட்ஸ்அப் குழுவுக்குப் போகக்கூடாது என்று தனி வரியாகவே போடுங்கோ.