சுருதி மாற்றியும் ஒட்டாத இரண்டு சோகப் பாட்டு: உதவி தேவை

மழைராத்திரி:
எண்பதுகளில் வந்த இரண்டு சோகப் பாட்டை மாஷப் செய்கிறேன். முதல் பாட்டின் இசை அப்படியே ஓடும். அதன்மேல் இரண்டாவது பாட்டின் குரல். முதலாவது ஏ மைனர், 72 பிபிஎம் (நிமிஷத்துக்கு 72 பீட்). மற்றது பி பிளாட் மைனர், 76. பாட்டிலிருந்து குரலையும் வாத்தியங்களையும் தனித்தனியாகப் பிரிக்கும் டெமக்ஸ் மென்பொருளில் குரலைப் பிரித்தேன். டைம் ஸ்ட்ரெச் (சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் மாற்றுவது) போட்டு 72-க்குக் கொண்டுவந்து, தனியாக அரை ஸ்வரம் இறக்கினேன். கணக்குப்படி சேர்ந்திருக்கணும். ஆனால் பல்லவி முழுக்க லேசாக நெருடுது. சரணத்தின் கடைசி வரியில் காதைப் பொத்திக்கலாம்போல இருக்கு. குரலும் தண்ணிக்குள்ளிருந்து பாடுற மாதிரி கேட்குது. மூணு நாளா இதே வேலை, இப்போ ரெண்டு பாட்டுமே வெறுத்துடும்போல.

தபேலாதம்பி:
ரெண்டும் ஒரே தாளம்தானே? ஒண்ணு 6/8-ஆ இருந்தா என்ன செஞ்சாலும் நொண்டும்.

மழைராத்திரி:
ரெண்டும் 4/4 தான் ப்ரோ.

பழையகேசட்:
பல்லவி நெருடுறதுக்கு டேப்தான் காரணமா இருக்கும். டேப் ஓடும் வேகம் 1% கூடினாலே சுருதி 17 சென்ட் ஏறிடும் (அரை ஸ்வரம்னா 100 சென்ட்). அதனால பழைய பதிவுகள் ஏ = 440 ஹெர்ட்ஸ்ங்கிற பொது அளவில் சரியா நிக்கும்னு நம்பாதீங்க. நீளமா இழுக்கும் ஒரு ஸ்வரத்தை ட்யூனரில் காட்டிப் பாருங்க.

ஸ்ட்ரெச், பிட்ச் ரெண்டையும் தனித்தனியா போட்டதால்தான் அந்தத் தண்ணிக் குரல். ஏற்கெனவே பிரித்தெடுத்த குரல், அதை ரெண்டு தடவை அரைச்சா என்ன மிஞ்சும்? இசைத்தட்டை மெதுவா சுத்தவிடுற மாதிரி வேகத்தையே குறைங்க. 76-ஐ 72 ஆக்கினாலே சுருதி தானா 94 சென்ட் இறங்கும், கிட்டத்தட்ட அரை ஸ்வரம். மிச்சத்தை மட்டும் பிட்ச் ஷிஃப்டில் சரிபண்ணுங்க. குரல் கொஞ்சம் கனமாகும். சோகப் பாட்டுக்கு அது லாபம்தான்.

மழைராத்திரி:
அண்ணா, பார்த்தேன்! இரண்டாவது பாட்டு 30 சென்ட் மேலே இருக்கு. வேகத்தைக் குறைச்சு, மீதி 36 சென்ட் (130-ல் 94 போக) இறக்கினதும் பல்லவி அப்படியே உட்கார்ந்துடுச்சு. ஆனா சரணத்தின் கடைசி வரி இன்னும் கடிக்குது.

அரைநிஷாதம்:
அந்த இடத்தில் இசையில் என்ன கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு)?

மழைராத்திரி:
ஈ மேஜர்.

அரைநிஷாதம்:
அப்போ கதை முடிஞ்சது. ஈ மேஜரில் ஜி ஷார்ப் இருக்கு, அதாவது காகலி நிஷாதம் (மேல் நி), கீரவாணி ராக வாசனை. உங்க பாடகர் ஜி-யில், கைசிகி நிஷாதத்தில் (அரை ஸ்வரம் கீழே உள்ள நி) நிக்கிறார்னு நினைக்கிறேன், அது நடபைரவி ராகம். ரெண்டும் மைனர்தான், ஆனா அந்த ரெண்டு நிஷாதமும் ஒரே நேரத்தில் ஒலிச்சா சண்டைதான். பிட்ச் ஷிஃப்ட் இதைத் தீர்க்காது. முதல் பாட்டையும் டெமக்ஸில் நாலு டிராக்கா பிரிங்க. அந்த ரெண்டு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) மட்டும் 'அதர்' டிராக்கை, அதாவது குரல், பேஸ், டிரம்ஸ் தவிர்த்த மீதி வாத்தியங்களை, ம்யூட் பண்ணி, பேஸும் டிரம்ஸும் ஓடட்டும். பேஸ் ஈ-யில் நின்னா மேலே ஜி தாராளமா உட்காரும்.

மழைராத்திரி:
செஞ்சேன். ஸ்ட்ரிங்ஸ் போனதும் குரலோட ஒட்டி வந்த பழைய ரிவெர்ப் (எதிரொலி) தனியா கேட்குது. அதை நீக்கணும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன், இப்போ கை வரலை.
ஒரே ஒரு தொல்லை: ரெண்டாவது சரணத்தில் குரல் அரை பீட் பின்தங்குது.

பழையகேசட்:
க்ளிக் (தாளம் காட்டும் டிக் டிக் சத்தம்) இல்லாம வாசிச்சிருப்பாங்க, தாளம் அங்கங்கே நகரும். தாளத்துக்காகக் குரலை முழுசா இழுத்துச் சுருக்கி வார்ப் பண்ணாதீங்க. வரிவரியா வெட்டி, ஒவ்வொரு வரியின் தொடக்கத்தை மட்டும் பீட்டில் வைங்க. வரிக்குள்ளே அவர் இழுக்கிற இழுப்பைத் தொடவேண்டாம்.

மழைராத்திரி:
பதினாறு வரி இருக்கு அண்ணா. சரி, கத்தரியோட உட்கார்றேன்.