ஸ்காட்லாந்து, அயர்லாந்து பப்புகள்ல 11 நாள் வாசிக்கப் போறோம். போயிட்டு வந்தவங்க சொல்லுங்களேன்

ஆறாம்விரல்:

வணக்கம். நாங்க லீட்ஸ்ல இருக்கோம். நாலு பேர் சேர்ந்து ஒரு ஃபோக் குழு வச்சிருக்கோம். ஃபிடில், கிட்டார், டின் விசில், பௌரான் (ஐரிஷ் கைமேளம்). ஜூன்ல 11 நாள் லீவு போட்டு, வேன்ல ஸ்காட்லாந்து, அங்கிருந்து கப்பல்ல அயர்லாந்துன்னு ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்னு திட்டம். ஆறு பப்புல "வாங்க"ன்னு சொல்லிட்டாங்க. மிச்ச நாளுக்கு டப்ளின்ல டூரிஸ்டுங்க குவியுற டெம்பிள் பார் பகுதிக்குப் போய் நேர்லயே கேட்டுப் பாக்கலாமான்னு யோசனை.

ஸ்பீக்கர், மைக் எல்லாம் தூக்கிட்டுப் போகணுமா? பணம் எப்படித் தருவாங்க? புக்கிங் இல்லாத ராத்திரி, வேற ஆளுங்க வாசிக்கிற செஷன்ல போய் உக்காரலாமா, இல்ல அவங்களாக் கூப்பிடணுமா? இன்னொண்ணு, விசில் வாசிக்கிறது என் அக்கா பொண்ணு. வயசு 17. அதுல ஏதாவது சிக்கல் வருமா?

வேன்காரன்:

கிளாஸ்கோவுல இருந்து எழுதுறேன். நானும் ஃபிடில்தான். சின்ன வயசுல தரையில சம்மணம் போட்டு, வயலின் தலையக் கால்மேல சாச்சு கர்நாடக சங்கீதம் கத்துக்கிட்டவன். இங்க வந்து நாற்காலியில உக்காந்து வாசிக்கப் பழகவே ஒரு வருஷம் ஆச்சு. 9 கோடையா எங்க நாலு பேர் குழு இதே சுத்துதான் போயிட்டு இருக்கு. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

ஸ்பீக்கர் கொண்டு போங்க. ஆனா உள்ள போய் இடத்தப் பாக்குறவரைக்கும் அது வேன்லயே கிடக்கட்டும். நிறைய பப்புல மூலையில ஒரு பெஞ்சு, ஒரு வட்ட மேசை, அவ்வளவுதான் மேடை. முதல் வருஷம் அயர்லாந்து கிளேர் மாவட்டத்துல ஒரு பப்புல நாங்க ரெண்டு பெரிய ஸ்பீக்கர இறக்கி, கம்பியெல்லாம் இழுத்து முடிக்க ஒரு மணி நேரம். அதுவும் சரியா டிவிக்குக் கீழ. அன்னைக்கு ஹர்லிங் (மட்டையும் பந்துமா ஆடுற ஐரிஷ் விளையாட்டு) மேட்ச். ஓனர் நல்ல மனுஷன், சத்தத்தக் குறைச்சாரு, படத்த நிறுத்தல. மொத்தக் கூட்டமும் எங்களையே பாக்குற மாதிரி இருக்கு, ஆனா கண்ணு எல்லாம் எங்க தலைக்கு ஒரு முழம் மேல. ரெண்டாவது ரீல் (வேகமான ஆட்ட மெட்டு) பாதியில கூரை பிய்யுற மாதிரி ஒரு கத்தல். எங்க கிட்டார்காரர் எழுந்து நின்னு குனிஞ்சு வணக்கம் சொன்னாரு. கிளேர் கோல் போட்டிருக்கு.

இப்ப செஷன் விஷயம். இதுலதான் புதுசாப் போறவங்க மாட்டிக்குவாங்க, நானும் மாட்டினேன். புக்கிங் வேற, செஷன் வேற. புக்கிங்னா கூட்டத்துக்காக வாசிக்கிறீங்க. செஷன்ல வாசிக்கிறவங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்து வட்டமா உக்காந்திருப்பாங்க, கூட்டத்துக்கு முதுகுதான் தெரியும். அந்த வட்டத்துக்குள்ள உங்களுக்கு இடம் உண்டா இல்லையாங்கறத அவங்கதான் சொல்லணும். எடின்பரோவுல ஃபாரஸ்ட் ரோட்ல இருக்கற சாண்டி பெல்ஸ் மாதிரி இடத்துக்கு சீக்கிரமே போயிடுங்க. வட்டத்துக்கு வெளிய உக்காருங்க. ஃபிடில் பெட்டிய மூடியே காலடியில வைங்க, அது அவங்க கண்ணுல பட்டாப் போதும். யாராவது ஒருத்தர் புருவத்தத் தூக்குவாரு, இல்ல ஒரு ஸ்டூல இந்தப் பக்கம் தள்ளி விடுவாரு. அதுக்கு மேல அழைப்பு கிடையாது. காலியா இருக்கற நாற்காலியில மட்டும் நீங்களாப் போய் உக்காந்துடாதீங்க. அது 20 வருஷமா யாரோ ஒரு பெரியவரோட நாற்காலியா இருக்கும், அவரு சிகரெட் பிடிக்க வெளிய போயிருப்பாரு.

உங்க பௌரான்காரர்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. செஷன்ல ஒரு நேரத்துக்கு ஒரு பௌரான்தான். ஏற்கனவே ஒருத்தர் வாசிச்சா, நம்ம ஆள் உறையப் பிரிக்கவே கூடாது. இன்னொண்ணு, அது ஆட்டுத்தோல். மழையில தொளதொளன்னு தொங்கும், கணப்புப் பக்கத்துல வச்சா விறைச்சுக்கும். எங்க பையன் ஒரு சின்னத் தண்ணி ஸ்ப்ரே சட்டைப் பையிலயே வச்சிருப்பான்.

என் கதைக்கு வர்றேன். ஸ்காட்லாந்துல நான் கத்துக்கிட்டதுல பாதி, ஜேம்ஸ் ஸ்காட் ஸ்கின்னர் காலத்து ஃபிடில் சரக்கு. அவரு 1843-ல பிறந்து 1927-ல போனவரு. அந்தப் பாணியில பி ஃபிளாட், எஃப் மாதிரி சுருதியில நிறைய டியூன் உண்டு. ஃபிடில்ல அதோட நாதமே தனி. கிளேர்ல ஒரு சின்ன ஊர், திங்கக்கிழமை ராத்திரி, பத்துப் பேர் செஷன். ரெண்டு பேர் கான்செர்டினா (கையால இழுத்து அமுக்கி வாசிக்கிற சின்னத் துருத்திப் பெட்டி), மூணு ஃப்ளூட், விசில், மிச்சம் ஃபிடில். ரொம்ப நேரம் கழிச்சு ஒரு வயசான அம்மா, கான்செர்டினாவ மடியில வச்சுக்கிட்டு, என்னைப் பாத்து "நீ ஒண்ணு எடு"ன்னாங்க.

நான் பி ஃபிளாட்ல ஒரு ஸ்ட்ராத்ஸ்பே, அதாவது ஸ்காட்லாந்து ஆட்ட மெட்டு, எடுத்தேன். முதல் நாலு மாத்திரை போகுது, ஒவ்வொருத்தரா வாத்தியத்தக் கீழ வைக்கிறாங்க. அந்த அம்மா கான்செர்டினாவோட தோல்பட்டையில இருந்து கைய மெதுவா உருவி எடுத்தாங்க. ஃப்ளூட்காரர் ஃப்ளூட்ட முழங்கால் மேல வச்சுட்டு பைன்ட் கிளாஸ எடுத்தாரு. ரூம் முழுக்க அமைதி. எனக்கு மார்பு விரியுது. ஆஹா, நம்ம வாசிப்புக்கு இப்படி ஒரு மரியாதையா! மூணு டியூன், ஒவ்வொண்ணும் மூணு தடவை, ஆசை தீர வாசிச்சேன். கைதட்டினாங்க. அந்த அம்மா சிரிச்சுக்கிட்டே, "ரொம்ப நல்லா இருந்துச்சு. அடுத்தது எங்களுக்கும் சேத்து ஒண்ணு வாசிப்பா"ன்னாங்க.

எங்க கிட்டார்காரர் காதுல சொன்னப்புறம்தான் உறைச்சது. அந்த ஃப்ளூட்டும் விசிலும் டி-யில செஞ்சது. கான்செர்டினா சி, ஜி. பி ஃபிளாட்ல அதுங்களுக்கு விரலே போகாது. மரியாதைக்காக இல்ல, வாசிக்க முடியாமதான் கீழ வச்சிருக்காங்க. கச்சேரிக்குப் பக்கவாத்தியத்தோட சுருதி கேக்காமப் போய் உக்கார மாட்டோம், இங்க வந்து அதையே மறந்துட்டேன். வெக்கத்தோட ஜி-யில ஒரு சாதாரண ஜிக் (அதுவும் ஆட்ட மெட்டுதான்) எடுத்தேன். நானே பத்துத் தடவையாவது தப்பா வாசிச்ச டியூன். ரெண்டாவது வரியில அந்த அம்மா சேந்துக்கிட்டாங்க, மூணாவதுல எல்லாரும். அந்தச் சத்தத்துல என் ஃபிடில் எனக்கே கேக்கல.

அதனால செஷனுக்குன்னு டி, ஜி, ஏ மைனர் சுருதியில ஒரு பத்து செட் (தொடர்ந்து வாசிக்கிற ரெண்டு மூணு டியூன்) தயார் பண்ணிக்கோங்க. பாட்டு பாடுறவங்க யாராவது ஆரம்பிச்சா வாத்தியம், பேச்சு, கிளாஸ் சத்தம் எல்லாம் நிக்கணும். அயர்லாந்துல சில இடத்துல பாடி முடிச்சவருக்கு அடுத்த ஆளைக் கைகாட்டுற உரிமை உண்டு, நோபிள் கால்னு சொல்வாங்க. உங்க பேர் வந்தா "எனக்குப் பாட வராது"ன்னு நெளியாதீங்க. நாலு வரி போதும், தமிழ்லயே பாடுங்க. நான் அப்படித்தான் தப்பிச்சேன்.

வழியில பாக்க ரெண்டு. ஸ்காட்லாந்து கிளென்கோவுல கிளாக்கெய்க் இன்ங்கற விடுதி வரவேற்பு மேசையில "கூவி விக்கிறவங்களும் கேம்ப்பெல்களும் வேண்டாம்"னு ஒரு பலகை இருக்கும். 1692-ல அங்க மெக்டொனால்ட் குடும்பங்கள அவங்க வீட்டுலயே தங்கிச் சாப்பிட்ட சிப்பாய்ங்க கொன்னாங்க. அந்தப் படைக்குத் தலைமை தாங்கினது ஒரு கேம்ப்பெல். எங்க கிட்டார்காரர் வீட்டுப் பேரும் கேம்ப்பெல். பலகைக்குப் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு, பில்லுக்குக் கையெழுத்த மட்டும் என்னைப் போடச் சொன்னாரு. இன்னொண்ணு அயர்லாந்து டிங்கிள்ல ஃபாக்ஸி ஜான்ஸ் பப். ஒரு பக்கம் பீர், எதிர்ப்பக்கம் ஹார்டுவேர் கடை. மைக் ஸ்டாண்டு போல்ட் ஒண்ணு தொலைஞ்சுபோய், அங்கயே வாங்கி, அங்கயே முறுக்கி, அங்கயே ஒரு பைன்ட்.

வண்டி ஓட்டுறவர் சொட்டுக்கூடத் தொடக்கூடாது. ஸ்காட்லாந்துல 2014 டிசம்பர்ல இருந்து 100 மில்லி ரத்தத்துக்கு 50 மில்லிகிராம்தான் வரம்பு. உங்க லீட்ஸ் கணக்கு 80, அது இங்க செல்லாது. அயர்லாந்துக் குடியரசுலயும் 50தான்.

கால்வேமழை:

நான் வாத்தியம் வாசிக்கிறவ இல்ல, கால்வேயில பார் கவுன்டர்ல நிக்கிறவ. அந்தப் பக்கத்துல இருந்து கொஞ்சம் சொல்றேன்.

அக்கா பொண்ணு விஷயம் முக்கியம். அயர்லாந்துல 18 வயசுக்குக் கீழ இருக்கறவங்க ராத்திரி 9 மணிக்கு மேல பார்ல இருக்கக்கூடாது. மே முதல் செப்டம்பர் வரைக்கும் அது 10 மணி. நீங்க ஜூன்ல வர்றீங்க, அதனால 10. ஆனா இங்க வாத்தியம் சூடு பிடிக்கிறதே ஒன்பதரைக்கு மேலதான். 10 ஆச்சுன்னா நான்தான் வந்து "கண்ணு, கிளம்பணும்மா"ன்னு சொல்லணும், எனக்கே சங்கடமா இருக்கும். ஓனர்கிட்ட முன்னாடியே பேசி, பொண்ணு வாசிக்கிற செட்ட சாயங்காலமே வச்சுக்கோங்க. ஸ்காட்லாந்துல ஒவ்வொரு பப்போட லைசென்ஸ்லயும் வேற வேற மாதிரி எழுதியிருப்பாங்க, தனித்தனியாக் கேட்டுத்தான் ஆகணும்.

மூடுற நேரம்: திங்கள் முதல் வியாழன் 11:30, வெள்ளி சனி 12:30, ஞாயிறு 11. கையில இருக்கறதக் குடிச்சு முடிக்க அதுக்கு மேல அரை மணி. பணம் மூடினதுக்கப்புறம்தான் வரும், பெரும்பாலும் கவர்ல நோட்டா. தொகைய முன்னாடியே மெசேஜ்ல எழுதி வாங்கிக்கோங்க, சாப்பாடு உண்டாங்கறதையும்.

இதையும் கேட்டுக்கோங்க. கின்னஸ் ஒரே மூச்சுல ஊத்துறது இல்ல. முக்கால் கிளாஸ் ஊத்தி, அடங்க விட்டு, அப்புறம்தான் மிச்சத்த ஊத்துவோம். இடைவேளை விட்டதும் நாலு பேரும் கவுன்டருக்கு ஓடி வந்து நாலு கின்னஸ் கேட்டா, அது கைக்கு வரும்போது இடைவேளை முடிஞ்சிருக்கும். கடைசி டியூன் எடுக்கும்போதே என்னைப் பாத்து நாலு விரல் காட்டுங்க. விவரமான ஆளுங்க எல்லாம் அப்படித்தான் பண்ணுவாங்க.

ஒத்தைக்கம்பி:

டெம்பிள் பார்னு சொன்னதும் மூக்கைச் சுழிக்கிற கூட்டத்துல நான் இல்ல. ஆறு மாசம் அங்க கிட்டாரும் குரலுமா வாசிச்சேன். வாடகை அதுலதான் கட்டினேன். ஆனா ஆறாம்விரல், அது நீங்க நினைக்கிற வேலை இல்ல. மதியமே ஆரம்பிக்கும், மைக் கண்டிப்பா வேணும். எதிர்ல உக்காந்திருக்கறவங்க அரை மணிக்கு ஒரு தடவை மாறிடுவாங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச அஞ்சாறு பாட்டையே திரும்பத் திரும்பக் கேப்பாங்க. நேர்ல போய்க் கேட்டா உடனே இடம் கிடைக்காது, அங்க வாரக்கணக்கா முறை போட்டு வச்சிருப்பாங்க.

டப்ளின்ல உங்க மாதிரி டியூன் வாசிக்கிற குழுன்னா, ஸ்மித்ஃபீல்டு காப்பிள்ஸ்டோன் பப்புக்குக் கேக்கறதுக்குன்னே ஒரு ராத்திரி ஒதுக்குங்க. 2021-ல அதச் சுத்தி ஹோட்டல் கட்டத் திட்டம் வந்தப்ப வாத்தியத்தோட ஜனங்க தெருவுல ஊர்வலம் போனாங்க. அந்த வருஷம் நவம்பர்ல மாநகராட்சி அனுமதி மறுத்துடுச்சு. மெரியன் ரோ தெருவுல ஓடோனஹ்யூஸ் பப்பும் பாருங்க, 1962-ல டப்ளினர்ஸ்ங்கற ஐரிஷ் ஃபோக் குழு உருவான இடம்.

வேன்காரன் சொன்னதுல ஒண்ணு எனக்கு ஒத்துவரல. ஸ்பீக்கர வேன்லயே விடச் சொல்றாரு. வெள்ளி, சனி ராத்திரி கிளாஸ்கோவுல ஸ்பீக்கர் இல்லாம உங்க விசில் சத்தம் முதல் மேசையத் தாண்டாது.

வேன்காரன்:

ஒத்தைக்கம்பி சொல்றது சரிதான், சனிக்கிழமை ஸ்கோஷியாவுல நானே ரெண்டு மைக் வைக்கிறேன். அது 1792-ல இருந்து இருக்கற பப், கூரை தாழ்வு, கூட்டம் பேசினாலே நம்ம சத்தம் முங்கிடும். நான் சொன்னது, பாக்காம இறக்காதீங்கன்னு மட்டும்தான்.

ஆறாம்விரல்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஃபிடில் வாசிக்கிறது நான்தான். எங்க பட்டியல்ல எஃப்-ல ரெண்டு, பி ஃபிளாட்ல ஒண்ணு இருக்கு, இப்பத்தான் எண்ணிப் பாத்தேன்! அக்கா பொண்ணுகிட்ட 10 மணிக் கணக்கச் சொன்னேன், மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கா.

கேம்ப்பெல் அண்ணனுக்கு என் வணக்கத்தச் சொல்லுங்க. கடைசியா ஒண்ணு: கெய்ர்ன்ரயன்ல இருந்து பெல்ஃபாஸ்ட் கப்பல், அப்புறம் டெர்ரி, டோனகல், ஸ்லைகோ, வெஸ்ட்போர்ட், கால்வே, கிளேர், டப்ளின். வழி சரியா இருக்கா?

வேன்காரன்:

வழி நல்லா இருக்கு. கப்பல் ரெண்டேகால் மணி நேரம், அதுலயே தூங்கிக்கோங்க, அப்புறம் தூக்கம் கிடைக்காது. வெஸ்ட்போர்ட்ல மேட் மொல்லாய்ஸ் விட்டுடாதீங்க, சீஃப்டன்ஸ்ங்கற ஐரிஷ் இசைக்குழுவோட ஃப்ளூட்காரர் பப். பி ஃபிளாட் டியூனத் தூக்கி எறிய வேண்டாம், புக்கிங் மேடைக்கு வச்சுக்கோங்க, அங்க அது உங்க டியூன்தானே.

பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்து டெர்ரியத் தாண்டி, அயர்லாந்துக் குடியரசோட டோனகல்ல நுழையும்போது எல்லைன்னு எதுவும் தெரியாது. வேகப் பலகை மட்டும் மைல்ல இருந்து கிலோமீட்டருக்கு மாறும். 100னு போட்டிருக்கறதப் பாத்து உங்க லீட்ஸ் வேன 100 மைல்ல மிதிச்சுடாதீங்க.

டப்ளின் எம்50 ரோட்ல டோல் உண்டு, ஆனா நிறுத்திக் காசு வாங்க ஆளோ கேட்டோ கிடையாது. கேமரா நம்பர் பிளேட்டப் படிச்சுக்கும். அடுத்த நாள் ராத்திரி 8 மணிக்குள்ள நீங்களா ஆன்லைன்ல கட்டணும், இல்லன்னா அபராதம் ஏறும். நான் ரெண்டு வருஷம் மறந்திருக்கேன். ரெண்டாவது தடவை கேம்ப்பெல் வேன் டேஷ்போர்டுல பேனாவால பெருசா எழுதி வச்சாரு. அது இன்னும் அழியல.