எஞ்சின் ஒயில் கசிகிறது, பேஸ் கஸ்கெட்தானா? ஆலோசனை தேவை

கொட்டாஞ்சேனை ரைடர்:

வணக்கம். என்னுடைய பைக் 150 சிசி, எயர் கூல் எஞ்சின், காபரேட்டர் மொடல். 2014இல் வாங்கியது. கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு தினமும் வேலைக்குப் போய்வருகிறேன். மாலையில் காலி வீதி நெரிசலில் எஞ்சின் நன்றாகச் சூடாகும்.

கொஞ்ச நாளாக சிலிண்டரும் கீழ்க் கேஸும் சேரும் இடத்தில், பின்பக்கமாக, ஒயில் கசிந்து தூசியோடு ஒட்டிக் கிடக்கிறது. இரவு நிறுத்தினால் காலையில் தரையில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் கறை. செயின் பக்கம் முன் ஸ்ப்ரொக்கட் (செயின் ஓடும் பல்சக்கரம்) மூடிக்குக் கீழேயும் கறுப்பாக ஏதோ பிடித்திருக்கிறது. புகை இல்லை, இழுவையும் குறையவில்லை.

பக்கத்துக் கராஜில் காட்டினேன். பேஸ் கஸ்கெட் (சிலிண்டருக்கும் கேஸுக்கும் நடுவே ஒயில் கசியாமல் வைக்கும் மெல்லிய தகடு) போய்விட்டது, ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்ற வேண்டும், கழற்றினால் பிஸ்டன் ரிங்கையும் சேர்த்தே மாற்றுவது நல்லது என்கிறார்கள். இந்த மாதம் அவ்வளவு செலவு செய்ய முடியாது. அதற்கு முன் நானே பார்க்கக்கூடியது ஏதாவது உண்டா? வீட்டில் ஸ்பனர் செட் இருக்கிறது.

பழைய ஸ்பனர்:

தம்பி, இப்போதைக்கு எஞ்சினைத் திறக்க விடாதீர்கள். ஒயில் எங்கே தெரிகிறதோ அங்கேதான் கசிகிறது என்று நினைக்கக் கூடாது. அது மேலே ஓரிடத்தில் வெளியே வந்து, சிலிண்டர் இதழ்கள் வழியாக இறங்கி, ஓடும்போது அடிக்கிற காற்றில் பின்னால் தள்ளப்பட்டு, கடைசியில் பேஸ் கஸ்கெட் விளிம்பில் வந்து நிற்கும். பார்க்கிறவருக்கு பேஸ் கஸ்கெட் போல்தான் தெரியும்.

உங்கள் வகை எஞ்சின்களில் பெரும்பாலும் சிலிண்டரின் பின்பக்கம், காபரேட்டருக்குக் கீழே, டைமிங் செயின் டென்ஷனர் இருக்கும், அதாவது எஞ்சினுக்குள் வால்வுகளை இயக்கும் செயினைத் தள்ளி இறுக்கமாக வைத்திருப்பது. இரண்டு சின்ன போல்ட், ஒரு மெல்லிய பேப்பர் கஸ்கெட், அவ்வளவுதான். அதற்கு மேலே ஹெட் கவர் ரப்பர், டப்பட் (வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் இடம்) மூடிகளின் ஓ-ரிங், அதாவது ரப்பர் வளையம். இத்தனை வருடச் சூட்டில் ரப்பர் நெகிழ்வு போய் பிளாஸ்டிக் மாதிரி இறுகியிருக்கும். இவற்றில் எதற்கும் சிலிண்டரைக் கழற்றத் தேவையில்லை.

முதலில் கழுவுங்கள். எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு, மண்ணெண்ணெயில் தோய்த்த பழைய பல் தூரிகையால் மேலிருந்து கீழாகத் தேயுங்கள். எயர் ஃபில்டர் வாயிலும் ப்ளக் குழியிலும் எதுவும் போகாமல் துணி வைத்து அடைத்துக்கொள்ளுங்கள். சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, நன்றாகக் காய விடுங்கள். மண்ணெண்ணெய் ஈரத்தோடு மட்டும் ஸ்டார்ட் பண்ணாதீர்கள், சைலன்சர் குழாய் சூடானால் தீப்பிடிக்கும். சர்விஸ் ஸ்டேஷனில் பிரஷர் தண்ணீர் அடிக்கச் சொல்லவும் வேண்டாம், அது சக்கர பேரிங்குக்குள் போகும்.

காய்ந்ததும் சந்தேகமான இடங்களில் முகப் பவுடரைத் தூவி, பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். பவுடர் நனைந்திருக்கும் இடங்களில் ஆக உயரத்தில் இருப்பது எதுவோ, ஒயில் வருவது அங்கிருந்துதான்.

மாடி வீட்டு மெக்கானிக்:

கழுவுவதோடு இன்னும் இரண்டைப் பாருங்கள். ஒன்று ஒயில் மட்டம். மெயின் ஸ்டாண்டில் சமதரையில் நிறுத்தி, கொஞ்சம் ஓட விட்டு அணைத்து, சில நிமிடம் கழித்துப் பாருங்கள். அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலும் சீல் வழியாகக் கசியும். டிப்ஸ்டிக்கைத் திருகிப் பார்ப்பதா, சும்மா வைத்துப் பார்ப்பதா என்பது பைக்குக்குப் பைக் மாறும், கையேட்டில் இருக்கும்.

மற்றது பிரீதர் குழாய். பிஸ்டன் ஏறி இறங்கும்போது கேஸுக்குள் உண்டாகும் அழுத்தம் அதன் வழியாகத்தான் வெளியேறும். அது மடிந்தோ அழுக்கு அடைத்தோ இருந்தால், புது கஸ்கெட் போட்டாலும் ஆகப் பலவீனமான இடத்தால் ஒயில் தள்ளிக்கொண்டு வரும். கழற்றி ஊதிப் பாருங்கள்.

கொட்டாஞ்சேனை ரைடர்:

நன்றி அண்ணா இருவருக்கும். நேற்று கழுவி, பவுடர் தூவி, ஆமர் வீதி வரை போய் வந்தேன். ஹெட் கவரைச் சுற்றிப் பவுடர் வெள்ளையாகவே இருக்கிறது. டென்ஷனர் விளிம்பில் ஈரம், அதிலிருந்து கீழே கோடாக இறங்கி பேஸ் வரை போயிருக்கிறது. பேஸ் கஸ்கெட்டின் மற்றப் பக்கங்கள் எல்லாம் காய்ந்து கிடக்கின்றன. ஒயில் மட்டம் சரி. பிரீதரில் கொஞ்சம் அழுக்கு இருந்தது, எடுத்துவிட்டேன்.

வத்தளைப் பயணி:

அப்படியென்றால் லேசு. அந்த இரண்டு போல்ட்டையும் இறுக்கி, விளிம்பைச் சுற்றி சிலிக்கன் பூசிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

பழைய ஸ்பனர்:

அதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன். உள்ளேயிருந்து ஒயில் தள்ளும்போது வெளியே பூசிய சிலிக்கன் கொஞ்ச நாளில் பெயர்ந்துவிடும். கஸ்கெட்டுக்குப் பதிலாக உள்ளே பூசினால் அதைவிட மோசம். அதிகப்படியானது பிதுங்கி உள்ளே விழுந்து, ஒயில் பம்பின் வலையில் போய் அடைக்கலாம். மேலே ஒயில் ஏறாவிட்டால் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் தேய்ந்து போகும். போல்ட்டும் அப்படித்தான். அது அலுமினியத்துக்குள் போகிற 6 எம்எம் போல்ட், 10 நியூட்டன் மீற்றர் அளவு இறுக்கம் போதும். பலத்தைக் காட்டினால் மரை வழுக்கிவிடும். அப்புறம் துளையிட்டு ஹெலிகொயில் (புது மரைக்கான கம்பிச் சுருள்) போட வேண்டியிருக்கும், அந்தச் செலவு கஸ்கெட் விலையைப் போல் பல மடங்கு.

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் உங்கள் மொடலைச் சொல்லிக் கேட்டால் டென்ஷனர் கஸ்கெட் தனியாகவே கிடைக்கும். முழு கஸ்கெட் செட்டும் வாங்கத் தேவையில்லை. பழையதைக் கையோடு கொண்டுபோய் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

இப்போது கவனமாக வாசியுங்கள். டென்ஷனரை எடுத்தால் டைமிங் செயின் தளர்ந்துவிடும். ப்ளக்கைக் கழற்றி, பக்க மூடி வழியாக மெக்னட்டின் (எஞ்சினோடு சுற்றும் காந்தச் சக்கரம்) ‘T’ குறியைக் கேஸிலுள்ள குறிக்கு நேரே கொண்டு வாருங்கள், அப்போது பிஸ்டன் ஆக மேலே இருக்கும். இரண்டு டப்பட்டிலும் லேசான ஆட்டம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சினை இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். அந்த நிலையில் எடுக்க வேண்டும். எடுத்த பிறகு எஞ்சினைச் சுற்றவே கூடாது, கிக்கரில் காலும் பட வேண்டாம். செயின் ஒரு பல் தாண்டினால் வால்வு டைமிங் மாறிவிடும், சில எஞ்சினில் வால்வு பிஸ்டனில் இடிக்கும்.

பழைய கஸ்கெட்டை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டாதீர்கள், அலுமினியத்தில் கீறல் விழுந்தால் அதன் வழியாகவே மறுபடி கசியும். பிளாஸ்டிக் துண்டு போதும். சுரண்டிய தூள் உள்ளே விழாமல் துளையில் துணி வைத்து, மாட்டுவதற்கு முன் மறக்காமல் எடுத்துவிடுங்கள். டென்ஷனரின் தண்டை முழுதாக உள்ளே இழுத்துப் பூட்டிவிட்டுத்தான் திரும்ப மாட்ட வேண்டும். தண்டு வெளியே நீண்டிருக்க போல்ட்டை இறுக்கினால் டென்ஷனர் உடையும், இல்லையென்றால் செயின் அளவுக்கு மேல் இறுகும். மாட்டிய பிறகு பூட்டை விடுவியுங்கள், தண்டு தானாகப் போய்ச் செயினைத் தள்ளும்.

கொட்டாஞ்சேனை ரைடர்:

மாட்டிவிட்டேன். செயின் சத்தம் இல்லை, தரையிலும் கறை இல்லை. இனி ஸ்ப்ரொக்கட் பக்கக் கறுப்பு. அதுவும் கசிவா?

மாடி வீட்டு மெக்கானிக்:

அங்கே இருப்பது பெரும்பாலும் பின் சக்கரத்தைச் சுற்றும் வெளிச் செயினுக்குப் பூசிய ஒயில் தெறித்ததுதான். மூடியைக் கழற்றித் துடைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். தடிப்பாகப் பசை போல் மறுபடி சேர்ந்தால் செயின் ஒயில். தண்ணியாக, ஷாஃப்டைச் சுற்றி வட்டமாக ஈரம் வந்தால் ஸ்ப்ரொக்கட் ஷாஃப்ட் சீல். கியர் மாற்றும் தண்டின் சீலையும் அதே நேரத்தில் பாருங்கள், பக்கத்திலேயே இருக்கிறது. சீல் போயிருந்தால் ஒத்திவைக்காதீர்கள். அங்கே கசியும் ஒயில் பின் டயருக்குத்தான் போகும், மழை நாளில் வளைவில் சரிந்துவிடுவீர்கள்.

புது சீலின் உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவி, ஸ்பிரிங் இருக்கும் பக்கம் எஞ்சினை நோக்கி வைத்து, சீலின் வெளிவட்ட அளவுக்கே ஒரு சொக்கெட் வைத்து நேராகத் தட்டுங்கள். ஒரு பக்கமாகத் தட்டினால் சரிந்து உட்கார்ந்து திரும்பவும் கசியும்.

கொட்டாஞ்சேனை ரைடர்:

துடைத்து ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன். ஷாஃப்டைச் சுற்றிக் காய்ந்திருக்கிறது, மூடிக்குள் மட்டும் பசை. செயின் ஒயில்தான், சீல் நன்றாக இருக்கிறது. ஹெட் கவர் ரப்பர் இப்போது கசியாவிட்டாலும் தொட்டால் கல்லு மாதிரி இருக்கிறது. அடுத்து டப்பட் சரிபார்க்கத் திறக்கும்போது அதையும் ஓ-ரிங்குகளையும் மாற்றிவிடுகிறேன்.