அமத்சியாவை வாலிபர்களுக்கு எப்படி விளக்குவது?

ஸ்தோத்திரம். எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் அடுத்த வாரம் வேதபாடம் என் பொறுப்பு. தலைப்பு, முழு இருதயத்தோடு கர்த்தரைச் சேவிப்பது. காலேபை எடுத்தால் சுலபம். 85 வயதில் ஏனாக்கியர் என்ற இராட்சதர் இருந்த எபிரோன் மலைநாட்டைக் கேட்டு வாங்கியவர். எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதனாலேயே 2 நாளாகமம் 25-ஐ எடுத்தேன்.

யூதாவின் ராஜாவான அமத்சியா செம்மையானதைச் செய்தான், ஆனால் முழுமனதோடு அல்ல என்று 2-ம் வசனமே சொல்லிவிடுகிறது. எனக்குச் சிக்கல் அதற்குப் பிறகுதான். 100 தாலந்து வெள்ளி கொடுத்துக் கூலிக்கு அமர்த்திய ஒரு லட்சம் இஸ்ரவேல் வீரர்களை, தேவனுடைய மனுஷன் சொன்னதற்காகத் திருப்பி அனுப்புகிறான். கொடுத்த பணம் என்னாவது என்று கேட்டான், சரி, யார்தான் கேட்கமாட்டார்கள்? உப்புப் பள்ளத்தாக்கில் ஜெயித்தும் வந்தான். வந்த கையோடு, தோற்றுப்போன சேயீர் புத்திரரின் தெய்வங்களைக் கொண்டுவந்து வணங்குகிறான்! நஷ்டத்தைத் தாங்கிய மனசு வெற்றியில் எப்படிப் பிளந்தது?

யூதாவின் இன்னொரு ராஜாவான ஆசாவின் நாளில் வழிபாட்டு மேடைகள் தகர்க்கப்படவில்லை, ஆனாலும் அவன் இருதயம் உத்தமம் என்று அதே புத்தகம் 15:17-ல் சொல்கிறது. இதைக் கட்டாயம் யாராவது கேட்பார்கள்.

முழு அர்ப்பணிப்பு என்றாலே வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்குப் போவது என்றுதான் இங்கே பலர் நினைக்கிறார்கள். வந்து உட்காருகிறவர்களில் பாதிப் பேர் வேலைக்குப் போகிறவர்கள். இந்த இரண்டு ராஜாக்களை வைத்துப் பாடம் நடத்திய அண்ணன்மார், அக்காமார், போதகர்கள் எப்படி விளக்கினீர்கள் என்று எழுதுங்கள். கலந்துபேச இரண்டு மூன்று கேள்விகள் கிடைத்தாலும் போதும். பிரசங்க வீடியோ லிங்க் மட்டும் வேண்டாம், தயவுசெய்து.