ஒரு நிரல் கணினிச் செயலியின் எந்தக் கோரில் எவ்வளவு ஓடுகிறது என்று அளப்பது எப்படி?

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனை எடை நிலையம் ஒன்றின் நான்கு கோர் லினக்ஸ் கணினியைப் பராமரித்து வருகிறேன். அதில் ஓடும் ஒரு நிரலின் செயலிப் பயன்பாட்டை ‘டாப்’ (top) கட்டளை 180 விழுக்காடு என்று காட்டுகிறது. அது நிரலுக்குள் தனித்தனியே ஓடும் எல்லா இழைகளின் (த்ரெட்) கூட்டுத்தொகை, எனக்கு வேண்டியதோ கோர் வாரியான பங்கு. ‘டாப்’ திரையில் 1 என்ற விசையை அழுத்தினால் கோர்கள் பிரிந்து தெரிந்தாலும், அது முழுக் கணினிக்கான கணக்கே தவிர அந்த நிரலுக்கானது அன்று.

ஓடும் நிரல்களின் நிலையைத் தரும் ‘புரோக்’ (/proc) கோப்பகத்தில் ஒவ்வோர் இழையின் ‘ஸ்டாட்’ கோப்பிலும் 39ஆவது புலம் அந்த இழை கடைசியாக ஓடிய கோரின் எண்ணைத் தருவதால், அதை நொடிக்கு ஒரு முறை படித்துப் பார்த்தேன். ஆயினும் இடைப்பட்ட நேரத்தில் இயங்குதளத்தின் கருவான கெர்னல் அந்த இழையை வேறு கோருக்கு மாற்றிவிட்டால் கணக்குப் பிசகிவிடுகிறது. ‘டாஸ்க்செட்’ (taskset) கட்டளை கொண்டு நிரலைக் குறிப்பிட்ட கோரில் கட்டிப்போடுவது, அளக்க வந்த நடத்தையையே மாற்றிவிடும். கெர்னல் இழைகளை மாற்றி மாற்றி ஓட்டுவதைப் பதியும் ‘பெர்ஃப் ஷெட்’ (perf sched) கருவியின் பதிவிலிருந்து இதைக் கூட்டியெடுத்தவர்கள், வழிமுறையையும் அதனால் கூடும் சுமையையும் தெரிவித்து உதவ வேண்டுகிறேன்.