4.8 ஆ 5.1 ஆ? கடலுக்குள்ள நடுங்கினால் எந்த எண்ணை நம்புறது?

புளியடி:
வங்காள விரிகுடாப் பக்கம் நடுத்தரமா ஒரு நிலநடுக்கம் வந்தால் ஒரு இணையத்தளத்தில "5.1 எம்.பி (mb)" எண்டு கிடக்கும், மற்றதில 4.8. ஒரு மணித்தியாலம் கழிச்சுப் பார்த்தால் முதல் தளமே எண்ணை மாத்தியிருக்கும். செய்தியில எல்லாத்துக்கும் "றிக்டர்" தான். ஆழம் எண்டால் எப்பவும் 10 கிலோமீற்றர். பருத்தித்துறைக் கரையில இருக்கிறவை இதில எதைப் பார்க்கிறது?

சுண்ணாம்புக்கல்:
முதல்ல றிக்டரை விட்டிடுங்கோ. சார்ள்ஸ் றிக்டர் 1935இல அதைச் செய்தது தென் கலிபோர்னியாவுக்கும் அங்க இருந்த வூட்-அண்டர்சன் கருவிக்கும். 100 கி.மீ. தூரத்தில அந்தக் கருவியின்ர பதிவுத்தாளில கோடு 1 மி.மீ. விலகினால் பருமன் (நடுக்கத்தின்ர அளவெண்) 3, 10 மி.மீ. எண்டால் 4. அந்தத் தூரத் திருத்தம் எங்கட கடலுக்குப் பொருந்தாது. பத்திரிகைக்காரர் தான் இன்னும் பேரை விடேல்லை.

எம்.பி எண்டது பி அலை (முதல்ல வந்துசேருற வேகமான அலை) வந்த முதல் சில செக்கன்களில, கிட்டத்தட்ட 1 செக்கன் ஆவர்த்தன காலமுள்ள ஆட்டத்தின்ர வீச்சத்தில இருந்து எடுக்கிறது. கெதியா வரும். எம்.டபிள்யூ (Mw) வேறை சாமான்: உடைஞ்ச பரப்பு, வழுக்கின தூரம், பாறையின்ர விறைப்பு மூண்டையும் பெருக்கி வாற திருப்பத்தில (moment) இருந்து எடுக்கிற பருமன். ஆரும் கடலுக்கடியில போய் அளக்கிறேல்லை. பதிவான நீண்ட அலைகளோட கணினியில பொருத்தி எடுக்கிறது. திருப்பத்தை நியூட்டன்-மீற்றரில எழுதி, 10இன் அடி மடக்கை எடுத்து, 9.1ஐக் கழிச்சு, மூண்டில இரண்டால பெருக்கினால் எம்.டபிள்யூ. 5.0 எண்டால் ஏறத்தாழ 3 கி.மீ. நீளம், 3 கி.மீ. அகலத் துண்டு 15 சதமமீற்றர் வழுக்கின அளவு. அவ்வளவுதான்.

வாடைக்காத்து:
5.1க்கும் 4.8க்கும் இடையில வீச்சம் இரண்டு மடங்குதான். அலை போற திசையும் நிலையத்துக்கு அடியில உள்ள மண்ணுமே அந்த வித்தியாசத்தைக் குடுக்கும். அதாலதான் பல நிலையங்களைச் சேர்த்து ஒரு எண் எடுக்கினம். முதல்ல எட்டு நிலையம், பேந்து நாப்பது நிலையம் எண்டு சேரச்சேர எண் அசையும். அது பிழை திருத்தினதில்லை.

கடலில கரைச்சல் கூட. எஸ் அலை (மெதுவாப் போற இரண்டாவது அலை) பி அலைக்கு எத்தனை செக்கன் பிந்தி வருதோ, அதை 8ஆல பெருக்கினால் கிட்டமுட்டத் தூரம். பல்லேகலை நிலையத்தில 40 செக்கன் எண்டால் 320 கி.மீ. அளவு. ஆனால் கிட்ட உள்ள நிலையங்கள் எல்லாம் ஒரே பக்கம், கரையில. மற்றப் பக்கம் வெறும் தண்ணி. அப்ப ஆழம் பிடிபடாது. நீங்கள் காணுற 10 அனேகமா அளந்த எண்ணில்லை, கணக்குத் தீர்க்கிறதுக்காகக் கட்டி வைச்ச பெறுமானம். பழைய பட்டியல்களில 33 எண்டு வாறதும் உதே கதைதான்.

கடல் கொந்தளிக்கிற நாளில 4 தொடக்கம் 8 செக்கன் ஆவர்த்தனத்தில தரை ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். சின்ன நடுக்கத்தின்ர நீண்ட அலை அதுக்குள்ள தாண்டுபோகும். 5க்குக் கீழ பலதுக்கு எம்.டபிள்யூ வராததுக்கு அதுவும் ஒரு காரணம்.

புளியடி:
அப்ப முதல் எண் 5.1 எண்டு வந்து, உண்மையில பெரிசா இருக்கலாமோ?

சுண்ணாம்புக்கல்:
5இல பயமில்லை, ஓரிரண்டு செக்கனில உடைஞ்சு முடிஞ்சிடும். எம்.பி 6.5 அளவில நிரம்பிப் போகும் (நடுக்கம் எவ்வளவு பெரிசெண்டாலும் எண் பெரிசா ஏறாது), அதுக்கு மேலதான் ஏமாத்தும். 2004 டிசம்பர் 26 சுனாமியில பசுபிக் சுனாமி எச்சரிக்கை நிலையத்தின்ர முதல் அறிக்கை 8.0, பேந்து 8.5. இப்ப 9.1 எண்டு எழுதினம். பிளவு 1,200 கி.மீ.க்கு மேல, பல நிமிஷமா உடைஞ்சது. முதல் அலைகளில அது முழுசாத் தெரியாது.

கரையில உள்ளவை கடலுக்கடியில 6.5உம் மேலயும் எண்டால் கவனிக்கவேணும். பருமன் மட்டும் காணாது: 2012 ஏப்ரல் 11 சுமாத்திராவுக்கு அப்பால 8.6 வந்தும் பெரிய சுனாமி அலை வரேல்லை, தட்டுகள் பக்கவாட்டில வழுக்கினபடியால். அறிவித்தலுக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின்ர தொலைபேசி எண் 117.

மணற்காடு:
ஒண்டு விடுபட்டுப்போச்சு. பருமன் 1 கூடினால் வீச்சம்தான் 10 மடங்கு, சக்தி 32 மடங்கு. உங்கட வீடு எவ்வளவு ஆடிச்செண்டதுக்கு மெர்கலியின்ர 12 படி வேறயாக் கிடக்கு. கல்லில நிக்கிற வீடும் ஈரமணலில நிக்கிற வீடும் ஒரே 5.1க்கு ஒரே மாதிரி ஆடாது.